கேமரா சீராக வட்டமிட, கோணத்தை மட்டும் நகர்த்துங்கள்

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். இதே சிக்கலில் இருக்கும் மற்றவர்களுக்கும் பயன்படும். பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் ஒரு தேநீர்க் கெண்டியை வடிவமைத்திருக்கிறீர்கள். கேமரா அதைப் பத்து விநாடியில் ஒரு முழுச் சுற்று சுற்றிவர வேண்டும். அந்தக் காட்சி முடிந்ததும் ஒட்டுத் தெரியாமல் மறுபடி தொடங்க வேண்டும். கெண்டிக்கு முன்னால், வலப்புறம், பின்னால், இடப்புறம், மீண்டும் முன்னால் என்று கேமராவை நகர்த்தி ஒவ்வோர் இடத்திலும் ஒரு கீஃப்ரேம், அதாவது இந்த நேரத்தில் கேமரா இங்கே இருக்க வேண்டும் என்ற பதிவு, வைத்திருக்கிறீர்கள். ஓட்டிப் பார்த்தால் கெண்டி பெரிதாவதும் சிறிதாவதுமாக இருக்கிறது. தொடக்கத்திலும் முடிவிலும் கேமரா தயங்குகிறது. சுற்று முடிந்து மீண்டும் தொடங்கும் இடத்தில் ஒரு சிறிய திக்கல். இதற்கெல்லாம் மேலாக, பின்னணியில் இருக்கும் தூண்கள் விட்டுவிட்டுத் தாவுவதுபோல் ஓடுகின்றன. கீஃப்ரேம்களை அதிகமாக்கினால் சரியாகிவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஆகாது. அதிகமாக்க ஆக்கத் திருத்துவதுதான் கடினமாகும். நீங்கள் சொன்ன நான்கு குறைகளுக்கும் நான்கு வேறு காரணங்கள் உண்டு. ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். கடைசிக் குறையான தூண்களின் தாவலைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. பலரும் முதல் மூன்றையும் சரிசெய்துவிட்டு, இந்த நான்காவதில் சிக்கி, தவறு எங்கே என்று தெரியாமல் திணறுகிறார்கள்.

முதலில் கெண்டி ஏன் பெரிதாகிச் சிறிதாகிறது? நான்கு இடங்களில் கேமராவின் நிலையைப் பதிவு செய்தால் மென்பொருளுக்குத் தெரிவது அந்த நான்கு புள்ளிகள் மட்டுமே. நீங்கள் மனத்தில் வைத்திருக்கும் வட்டம் அதற்குத் தெரியாது. இடைப்பட்ட ஃபிரேம்களில், அதாவது தனித்தனிப் படங்களில், எக்ஸ் மதிப்பைத் தனியாகவும் ஒய் மதிப்பைத் தனியாகவும் நிரப்பிக்கொண்டு போகிறது. நிரப்பும் முறை நேர்கோடாக இருந்தால் கேமரா போகும் பாதை ஒரு சதுரம். ஆரம் 5 மீட்டர் என்றால், மூலைகளில் 5 மீட்டர் தூரத்தில் இருக்கும் கேமரா, பக்கத்தின் நடுவில் 3.54 மீட்டருக்கு நெருங்கிவிடும். கெண்டி ஏறத்தாழ 1.41 மடங்கு பெரிதாகத் தெரியும். பிளெண்டர் வழக்கமாகப் பயன்படுத்துவது பெசியர் என்ற வழவழப்பான வளைவு என்பதால் சதுரத்தின் பக்கங்கள் கொஞ்சம் வெளியே உப்பும்; ஆனாலும் நடுவில் ஆரத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு உள்வாங்கியே இருக்கும். எட்டு கீஃப்ரேம் வைத்து நேர்கோடுகளால் இணைத்தால் உள்வாங்கல் எட்டு சதவீதத்துக்கும் கீழே வரும். அதாவது குறை சிறிதாகும், ஆனால் போகாது. எட்டு இடங்களிலும் வேகம் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும் என்ற புதிய சிக்கலும் கூடவே வந்து சேரும்.

வட்டத்தில் சுற்றும் ஒரு பொருளுக்கு மையம் மாறுவதில்லை, ஆரம் மாறுவதில்லை, உயரம் மாறுவதில்லை. மாறுவது கோணம் ஒன்றுதான். அந்த ஓர் எண் மட்டுமே மாறும்படி காட்சியைக் கட்டிவிட்டால் மற்றவை தாமாகவே ஒழுங்காக இருக்கும். இதற்குத்தான் ‘எம்ப்டி’ என்ற உருவமற்ற துணைப்பொருள் இருக்கிறது. ரெண்டரில், அதாவது மென்பொருள் வரைந்து தரும் இறுதிப் படத்தில், அது தெரியாது. ஓர் இடத்தையும் ஒரு திசையையும் குறித்து வைத்துக்கொள்வது மட்டுமே அதன் வேலை. அதைக் கெண்டியின் மையத்தில் நட்டு, கேமராவை அதோடு பிணைத்து, எம்ப்டியைச் சுழற்றினால் போதும். செக்கில் நுகத்தடியோடு கட்டிய மாடு வட்டத்தை விட்டு விலக முடியாததுபோலக் கேமராவும் விலகாது.

செய்முறையைச் சொல்கிறேன். பழைய கீஃப்ரேம்கள் எல்லாவற்றையும் கேமராவிலிருந்து நீக்கிவிடுங்கள். ஒன்றுகூட மிச்சமிருக்கக் கூடாது. மிச்சமிருந்தால் அது புதிய சுழற்சியோடு சேர்ந்து குழப்பும். அடுத்து கெண்டியைத் தேர்ந்தெடுத்து ஷிஃப்ட், எஸ் விசைகளை அழுத்தி ‘கர்சர் டு செலக்டெட்’ கொடுங்கள். முப்பரிமாணக் கர்சர் கெண்டியின் ஆரிஜினுக்கு, அதாவது மென்பொருள் அதன் மையமாகக் கொள்ளும் புள்ளிக்கு, போகும். அங்கேயே ஷிஃப்ட், ஏ அழுத்தி எம்ப்டி வகையில் ‘பிளெய்ன் ஆக்சிஸ்’ ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு நிமிடம் நிறுத்துகிறேன். மையம் எது என்பதை மென்பொருளிடம் விட்டுவிடாதீர்கள். 1975இல் யூட்டா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் நியூவெல் கணினிக்காக அளந்து வடித்த தேநீர்க் கெண்டியைப் பார்த்திருப்பீர்கள்; கணினி வரைகலையில் அதைத் தொடாதவர் குறைவு. ஒரு பக்கம் மூக்கு, மறுபக்கம் கைப்பிடி. ‘ஆரிஜின் டு ஜியாமெட்ரி’ கட்டளை கொடுத்தால் மூக்கையும் கைப்பிடியையும் சேர்த்துக் கணக்கிட்டு ஒரு புள்ளியைச் சொல்லும். அது மூடிக் குமிழுக்கு நேர் கீழே இருக்கும் என்ற உறுதி கிடையாது. கண்ணோ உருண்டை வயிற்றையும் குமிழையும்தான் நடு என்று எடுத்துக்கொள்கிறது. சுழல் அச்சு குமிழின் வழியாகப் போகாவிட்டால், கேமரா எவ்வளவு துல்லியமாக வட்டமிட்டாலும் கெண்டி இடவலமாக ஆடுவதாகத் தோன்றும். உங்கள் கெண்டி, பிளெண்டர் திறந்ததும் வரும் 2 மீட்டர் கனசதுர அளவில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அச்சு அரை மீட்டர் விலகியிருந்தால் 5 மீட்டர் ஆரத்தில் கேமராவின் தூரம் 4.5 முதல் 5.5 மீட்டர் வரை மாறும். அளவில் இது 20 சதவீதத்துக்கும் மேற்பட்ட வித்தியாசம். ஆகவே எடிட் நிலைக்குப் போய் மூடிக் குமிழின் உச்சிப் புள்ளியைத் தேர்ந்தெடுத்து, கர்சரை அங்கே கொண்டுவந்து, எம்ப்டியை அந்தச் செங்குத்துக் கோட்டில் வையுங்கள். உயரத்தை மட்டும் பிறகு வயிற்றின் நடுவுக்கு இறக்கிக்கொள்ளலாம்.

இப்போது கேமராவை முதலில் தேர்ந்தெடுத்து, ஷிஃப்ட் விசையைப் பிடித்தபடி எம்ப்டியையும் தேர்ந்தெடுங்கள். இந்த வரிசை முக்கியம். கடைசியாகத் தேர்ந்தெடுப்பதுதான் தலைமை ஏற்கும். கன்ட்ரோல், பி (P) அழுத்தி ‘ஆப்ஜெக்ட், கீப் டிரான்ஸ்ஃபார்ம்’ என்பதைக் கொடுங்கள். கேமரா இருந்த இடத்திலேயே இருக்கும், எம்ப்டியைத் திருப்பினால் கூடவே வரும்.

கேமரா கெண்டியையே பார்த்துக்கொண்டிருக்க ‘டிராக் டு’ கட்டுப்பாட்டைச் சேர்த்து, இலக்காக எம்ப்டியைக் கொடுங்கள். பிளெண்டரில் கேமரா பார்க்கும் திசை அதன் சொந்த அச்சுகளில் எதிர்மறை இசட், தலைக்கு மேல் திசை ஒய். கட்டுப்பாட்டிலும் அவ்வாறே இருக்கிறதா என்று சரிபாருங்கள்; தவறியிருந்தால் கேமரா வானத்தையோ தரையையோ பார்க்கும். கேமரா எம்ப்டிக்கு நேர் மேலே வராதவரை இந்தக் கட்டுப்பாடு நன்றாகவே வேலை செய்யும். உச்சியைக் கடந்துபோகும் காட்சிகளில் மட்டும் சட்டென்று தலைகீழாகப் புரட்டிவிடும். உங்களுடையது கிடைமட்ட வட்டம் என்பதால் கவலையில்லை.

சரியான வட்டம் கிடைத்துவிட்டது. இனி வேகம். எம்ப்டியைத் தேர்ந்தெடுத்து 1ஆம் ஃபிரேமில் இசட் சுழற்சிக்கு 0 பாகை என்று கீஃப்ரேம் வையுங்கள். அடுத்த கீஃப்ரேம் 360 பாகை. அதை எந்த ஃபிரேமில் வைப்பது? விநாடிக்கு 24 ஃபிரேம் வீதம் பத்து விநாடிக்கு 240 ஃபிரேம், எனவே 240 என்று எல்லோருக்கும் தோன்றும். நீங்கள் சொன்ன திக்கல் அங்கிருந்துதான் வருகிறது. 0 பாகையும் 360 பாகையும் ஒரே காட்சி. 240ஆம் ஃபிரேமில் 360ஐ வைத்தால் கடைசிப் படமும் முதல் படமும் அச்சு அசலாக ஒன்றாக இருக்கும். மறுசுற்று தொடங்கும்போது ஒரே படம் இரண்டு முறை வரும். ஒரு விநாடியில் 24இல் ஒரு பங்கு நேரம்தான், ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் ஒன்று நிற்பதைக் கண் உடனே பிடித்துவிடும். அதனால் 360ஐ 241ஆம் ஃபிரேமில் வையுங்கள். ரெண்டர் எல்லையை 1 முதல் 240 வரை மட்டும் வையுங்கள். ஒரு ஃபிரேமுக்குச் சரியாக 1.5 பாகை. 240ஆம் ஃபிரேமில் 358.5 பாகை, அடுத்தது 1ஆம் ஃபிரேமின் 0. ஒட்டு எங்கே என்று தேடினாலும் கிடைக்காது.

தொடக்கத்திலும் முடிவிலும் வரும் தயக்கத்துக்குக் காரணம், பிளெண்டர் புதிய கீஃப்ரேம்களுக்குத் தரும் பெசியர் வளைவு. நின்றிருக்கும் பொருள் மெல்லக் கிளம்பி மெல்ல நிற்பதற்கு அது அருமையான தேர்வு. நிற்காமல் சுற்றுவதற்கு அல்ல. அது தயங்குவதோடு விடுவதில்லை. இரு முனைகளிலும் இழந்த நேரத்தை நடுவில் ஈடுகட்ட வேண்டியிருப்பதால், நடுப்பகுதியில் வேகம் சராசரியைப்போல் ஒன்றரை மடங்குக்கும் மேலே போய்விடும். கிராஃப் எடிட்டரில் இரண்டு கீஃப்ரேம்களையும் தேர்ந்தெடுத்து டி (T) விசையை அழுத்தி ‘லீனியர்’ கொடுங்கள். வளைவு ஒரு சாய்ந்த நேர்கோடாக மாறும். பிறகு ஷிஃப்ட், இ அழுத்தி ‘லீனியர் எக்ஸ்ட்ராபொலேஷன்’ கொடுத்துவிட்டால் அந்தக் கோடு இருபுறமும் முடிவின்றி நீளும். காட்சியை முப்பது விநாடியாக நீட்டினாலும் ஒரு கீஃப்ரேம்கூடச் சேர்க்க வேண்டியதில்லை.

கீஃப்ரேமே இல்லாமலும் இதைச் செய்யலாம்; எனக்கு இந்த வழிதான் பிடிக்கும். எம்ப்டியின் இசட் சுழற்சிக் கட்டத்தை இருமுறை சொடுக்கி, ஹேஷ் குறியில் தொடங்கி ஒரு சூத்திரத்தைத் தட்டச்சு செய்யுங்கள். ஃபிரேம் எண்ணைக் குறிக்கும் சொல்லை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் இட்டு, அதை 2ஆலும் பையாலும் (pi) பெருக்கி, 240ஆல் வகுக்க வேண்டும்: #frame*2*pi/240. ஹேஷ் குறியைக் கண்டதும் பிளெண்டர் அதை ‘டிரைவர்’ என்று எடுத்துக்கொள்ளும். கட்டம் ஊதா நிறமாக மாறும். டிரைவரில் கோணம் பாகையில் அல்ல, ரேடியனில் வர வேண்டும். அதனால்தான் 360க்குப் பதில் இரண்டு பை. 360 என்றே எழுதிவிட்டால் எம்ப்டி பேய் பிடித்ததுபோல் சுழலும். எதிர்த்திசையில் சுற்ற வேண்டுமானால் முன்னால் ஒரு கழித்தல் குறி போதும். வேகத்தை மாற்ற 240ஐ மட்டும் மாற்றினால் போதும். வேறு எதையும் தொட வேண்டாம்.

எம்ப்டி சுழலவே மாட்டேன் என்று அடம்பிடித்தால் அதன் ‘ரொட்டேஷன் மோட்’ என்ன என்று பாருங்கள். ‘குவாட்டர்னியன்’ என்றிருந்தால் 0 பாகையும் 360 பாகையும் அதற்கு ஒரே நிலைதான். முதல் கீஃப்ரேமுக்கும் இரண்டாவதுக்கும் இடையே நகர எதுவுமில்லை என்று சும்மா இருந்துவிடும். ‘எக்ஸ்-ஒய்-இசட் ஆய்லர்’ என்று மாற்றுங்கள். பிளெண்டரில் சாதாரணப் பொருள்களுக்கு இதுவே வழக்கமான தேர்வு. வேறு மென்பொருளிலிருந்து கொண்டுவந்த காட்சிகளில்தான் மாறியிருக்க வாய்ப்பு அதிகம்.

‘ஃபாலோ பாத்’ கட்டுப்பாட்டோடு ஒரு பெசியர் வட்டத்தைப் பாதையாகக் கொடுக்கலாமே என்றும் கேட்டிருந்தீர்கள். கொடுக்கலாம், தவறில்லை. கேமராவின் நிலையை ஆல்ட், ஜி அழுத்திப் பூச்சியமாக்கிவிட்டுக் கட்டுப்பாட்டைச் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் கேமராவின் பழைய தூரம் பாதையோடு கூடி, வட்டமே வேறிடத்துக்கு நகர்ந்துவிடும். ‘ஃபிக்ஸ்ட் பொசிஷன்’ என்பதைத் தேர்ந்து, ‘ஆஃப்செட் ஃபேக்டர்’ மதிப்பை 1ஆம் ஃபிரேமில் 0, 241ஆம் ஃபிரேமில் 1 என்று வையுங்கள். அதையும் லீனியர் ஆக்குங்கள். ‘டிராக் டு’ கட்டுப்பாடு இதற்குக் கீழே, இரண்டாவதாக இருக்க வேண்டும். நான்கு பெசியர் துண்டுகளால் ஆன வட்டம் உண்மையான வட்டமே இல்லை என்று சிலர் பயமுறுத்துவார்கள். கணிதப்படி அது சரி. ஆனால் ஆரத்தில் வரும் பிழை 0.03 சதவீதத்துக்கும் குறைவு. 5 மீட்டர் ஆரத்தில் ஒன்றரை மில்லிமீட்டரைக்கூடத் தொடாது. அதை நினைத்துத் தூக்கம் கெட வேண்டாம். முழு வட்டத்துக்கு எம்ப்டி போதும் என்பது என் தீர்மானமான கருத்து. நீள்வட்டம், ஒரு பக்கம் நெருங்கி மறுபக்கம் விலகும் பாதை, அரைச் சுற்று சுற்றிவிட்டு வாசல் வழியாக வெளியேறும் பாதை போன்றவற்றுக்குத்தான் வளைவுப் பாதை தேவைப்படுகிறது.

இதே அடிப்படை மற்ற மென்பொருள்களுக்கும் பொருந்தும். சினிமா ஃபோர்டியில் எம்ப்டிக்குப் பெயர் ‘நல்’. மாயாவில் கேமராவை ஒரு குழுவுக்குள் போட்டு, குழுவின் சுழல் மையத்தை மாதிரியின் நடுவுக்குக் கொண்டுவந்து, குழுவைச் சுழற்றுவார்கள். பெயர்கள்தான் மாறுகின்றன.

இனி தூண்கள். மேலே சொன்னதையெல்லாம் பழுதில்லாமல் செய்து, கிராஃப் எடிட்டரில் கோடு நூல் பிடித்ததுபோல் இருந்தும், ரெண்டர் செய்து பார்த்தால் பின்னணி தாவித் தாவி ஓடும். கோட்டில் பிழை தேடிப் பயனில்லை. பிழை வேகத்தில் இருக்கிறது.

கேமரா மையத்தையே பார்த்தபடி சுற்றுவதால், ஒரு சுற்றில் அது தானும் 360 பாகை திரும்புகிறது. பத்து விநாடியில் ஒரு சுற்று என்றால் விநாடிக்கு 36 பாகை. பிளெண்டரின் இயல்பான கேமரா 50 மில்லிமீட்டர் லென்ஸ், 36 மில்லிமீட்டர் சென்சார். அதன் கிடைமட்டப் பார்வை 39.6 பாகை. அப்படியானால் வெகு தொலைவில் இருக்கும் ஒரு மலை திரையின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு 1.1 விநாடியில் ஓடிவிடுகிறது. 1920 பிக்சல் அகலப் படத்தில், திரையின் நடுவில், இது ஃபிரேமுக்கு ஏறத்தாழ 70 பிக்சல் தாவல். திரைப்பட ஒளிப்பதிவில் ஒரு பழைய வழக்கம் உண்டு: விநாடிக்கு 24 ஃபிரேமில் கேமராவைத் திருப்பும்போது, ஒரு பொருள் திரையைக் கடக்க ஏழு விநாடியாவது ஆக வேண்டும், இல்லாவிட்டால் படம் அதிரும். அந்தக் கணக்குப்படி உங்கள் சுற்றுக்கு ஒரு நிமிடத்துக்கும் மேல் வேண்டும். நீங்கள் கொடுத்தது பத்து விநாடி. கெண்டி மையத்தில் இருப்பதால் அமைதியாகத் தெரிகிறது. அதன் பின்னால் உலகமே ஓடுகிறது.

இதற்குச் சுற்றை ஒரு நிமிடமாக நீட்டியே ஆக வேண்டும் என்பதில்லை. ஓட்டத்தைக் குறைக்க நல்ல வழிகள் இருக்கின்றன. முதல் வழி, தூண்களை மையத்துக்கு அருகில் கொண்டுவருவது. மையத்துக்குப் பின்னால் இருக்கும் ஒரு பொருளின் ஓட்டம், மையத்திலிருந்து அது இருக்கும் தூரத்தை, கேமராவிலிருந்து அது இருக்கும் தூரத்தால் வகுத்த விகிதத்தில் இருக்கும். கேமரா 5 மீட்டரில் இருக்கும்போது தூண் மையத்துக்கு 5 மீட்டர் பின்னால் நின்றால் விகிதம் பாதி. 70 பிக்சல் 35 ஆகும். 2 மீட்டர் பின்னால் நின்றால் ஏழில் இரண்டு பங்கு, 20 பிக்சல்தான். ஆனால் கேமரா அந்தத் தூண்களில் இடித்துக்கொள்ளாமல் அவற்றுக்கு வெளியே சுற்றும் என்பதையும், மறுபுறத் தூண்கள் கெண்டிக்கு முன்னால் எதிர்த்திசையில் வேகமாகக் கடந்துபோகும் என்பதையும் நினைவில் வையுங்கள். முன்னே கடப்பது அழகாகவும் இருக்கலாம், கெண்டியை மறைத்துத் தொல்லையும் தரலாம். ஓட்டிப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இரண்டாவது வழியைப் பலர் நம்ப மறுப்பார்கள்: லென்ஸை அகலமாக்கிக் கேமராவை நெருக்குங்கள். 50 மில்லிமீட்டரை 24 ஆக்கி, கெண்டி அதே அளவில் தெரிய ஆரத்தை 2.4 மீட்டராகக் குறைத்தால், மையத்துக்கு 5 மீட்டர் பின்னால் நிற்கும் தூணின் தாவல் 35 பிக்சலிலிருந்து ஏறத்தாழ 23க்கு இறங்கும். தொலைதூர மலையின் தாவல் பாதிக்கும் கீழே வந்துவிடும். நெருங்கினால் அதிரும் என்பது பொதுவான நம்பிக்கை. சுற்றுக் காட்சியில் கணக்கு நேர்மாறு. நீண்ட லென்ஸ்தான் பின்னணியை இழுத்து அறைகிறது. ஒரு விலையும் உண்டு: அகன்ற லென்ஸில் கெண்டியின் மூக்கு கேமராவை நோக்கி வரும்போது சற்றே துருத்திக்கொண்டு பெரிதாகத் தெரியும். பொருளின் உண்மையான வடிவத்தைக் காட்ட வேண்டிய வேலையில் இது ஒத்துவராது. அங்கே 35 மில்லிமீட்டரோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

மூன்றாவது, மோஷன் பிளர், அதாவது ஓடும் பொருள் படத்தில் இழுபட்டு மங்கிப் பதிவது. பிளெண்டரில் ஷட்டர் அளவு இயல்பாக 0.5 ஃபிரேம், ஃபிரேம் நேரத்தில் பாதி மட்டும் திறந்திருக்கும் திரைப்படக் கேமராவின் வழக்கத்துக்கு இது சமம். 70 பிக்சல் தாவலில் 35 பிக்சல் இழுவையாகப் பதியும், மீதி 35 பிக்சல் வெற்றிடமாக விடுபடும். அந்த வெற்றிடத்தைத்தான் கண் தாவலாக உணர்கிறது. தாவலே 20 பிக்சலாகக் குறைந்துவிட்ட பிறகு அதே 0.5 போதுமானதாக இருக்கும். அதாவது பிளர் தனியாக நின்று காப்பாற்றாது. வேகத்தைக் குறைத்த பிறகு மெருகு கொடுக்கும். பின்னணியை ஃபோகஸுக்கு வெளியே தள்ளுவதும் உதவும், ஏனென்றால் கூரிய செங்குத்து விளிம்புகள்தான் அதிர்வைக் காட்டிக்கொடுக்கின்றன. கேமராவின் ஆழ அமைப்பில் ஃபோகஸ் பொருளாக எம்ப்டியைக் கொடுங்கள். ஆரம் மாறாததால் ஃபோகஸும் மாறாது. பின்னணியில் தூண்களே வேண்டாம், மென்மையாக நிறம் மாறும் ஒரு திரை போதும் என்று உங்களால் முடிவெடுக்க முடிந்தால் சிக்கல் அந்த நொடியே தீர்ந்தது.

ஜெர்மானிய ஒளிப்பதிவாளர் மைக்கேல் பால்ஹவுஸ் நடிகர்களைச் சுற்றிக் கேமராவை முழு வட்டமாக ஓட்டுவதற்குப் பெயர்பெற்றவர். ஜெர்மன் மொழியில் அந்த நகர்வுக்கே ‘பால்ஹவுஸ் கிரைசல்’ என்று பெயர் வந்துவிட்டது. தண்டவாளத்தில் ஓடும் அத்தகைய காட்சிகளைப் பார்க்கும்போது பின்னணியைக் கவனியுங்கள். மனிதர்கள் சட்டகத்தை நிறைத்திருப்பார்கள். பின்னணிக்கு மிஞ்சும் இடம் குறைவு. கெண்டியும் சட்டகத்தில் இன்னும் பெரிதாக இருந்தால் கண் அதிலேயே தங்கும்.

உண்மையில் கேமரா சுற்ற வேண்டுமா, கெண்டி சுற்றினால் போதாதா என்பதையும் யோசியுங்கள். பின்னணி வெறுமையாக இருந்தால் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். ஒளியில்தான் பெரிய வேறுபாடு. கேமரா சுற்றும்போது விளக்குகள் அறையோடு நிற்கின்றன. கேமரா மறுபுறம் போனதும் கெண்டியின் நிழல் பக்கத்தைப் பார்க்கிறது. முன்னால் பளிச்சென்று இருந்த பித்தளை பின்னால் இருண்டுவிடும். கெண்டி சுழன்றால் விளக்கும் கேமராவும் நிலையாக இருக்கும். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே ஒளி. விற்பனைக்கான பொருளைக் காட்டுவதென்றால் பொருளைச் சுழற்றுவதே மேல். ஓர் இடத்தில் வீற்றிருக்கும் பொருளைக் காட்டுவதென்றால் கேமரா சுற்றட்டும், இருளும் வரட்டும். அது இடத்தின் உண்மை. இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. முதன்மை விளக்கை அறையோடு விட்டுவிட்டு, மங்கலான ஒரு நிரப்பு விளக்கை மட்டும் அதே எம்ப்டியோடு பிணைத்துவிடுங்கள். கேமராவோடு சேர்ந்து அதுவும் சுற்றிவந்து நிழல் பக்கத்தைக் கொஞ்சம் தூக்கிக் கொடுக்கும்.

சில காட்சிகள் மறுசுற்றாக ஓட வேண்டியதில்லை. நின்ற நிலையிலிருந்து கிளம்பி, ஒரு சுற்று சுற்றி, நிற்க வேண்டும். அதற்கு முழுவதும் லீனியராக விட்டால் கிளம்பும்போதும் நிற்கும்போதும் வெட்டு விழும். முழுவதும் பெசியராக விட்டால் நடுவில் பாய்ச்சல். எனவே சுற்றை மூன்றாகப் பிரியுங்கள். முதல் ஒரு விநாடி வேகமெடுக்க, நடுவில் எட்டு விநாடி சீராக, கடைசி ஒரு விநாடி நிற்க. சீராக வேகமெடுக்கும்போது கடக்கும் கோணம், முழு வேகத்தில் கடந்திருக்கக்கூடியதில் பாதி. ஆக மொத்தம் ஒன்பது விநாடி முழு வேகத்துக்குச் சமம்; 360ஐ ஒன்பதால் வகுத்தால் விநாடிக்கு 40 பாகை. எனவே 1ஆம் ஃபிரேமில் 0, 25ஆம் ஃபிரேமில் 20, 217ஆம் ஃபிரேமில் 340, 241ஆம் ஃபிரேமில் 360 பாகை என்று நான்கு கீஃப்ரேம் வையுங்கள். பிளெண்டரில் ஒரு கீஃப்ரேமின் வளைவு வகை அதன் வலப்புறத் துண்டைத்தான் ஆளும். முதலாவதற்கு ‘குவாட்ராட்டிக்’ தேர்ந்து ‘ஈஸ் இன்’, இரண்டாவதற்கு லீனியர், மூன்றாவதற்குக் குவாட்ராட்டிக்கோடு ‘ஈஸ் அவுட்’. முதல் துண்டு முடியும் இடத்தில் அதன் வேகம் மிகச் சரியாக 40 பாகை, நடுத்துண்டின் வேகமும் அதுவே. இணைப்பில் கையால் எதையும் இழுத்துச் சரிசெய்ய வேண்டியதில்லை. கிராஃப் எடிட்டரில் நீங்களே பார்க்கலாம்: 25ஆம் ஃபிரேமில் வளைவு கோட்டோடு முறிவின்றி ஒட்டி நிற்கும்.

இனி ஓட்டிப் பார்ப்பது. நீங்கள் வேலை செய்யும் சாளரமான வியூபோர்ட்டில் தெரியும் திணறலை வைத்து அசைவை எடைபோடாதீர்கள். உங்கள் கணினியால் விநாடிக்கு 24 ஃபிரேம் வரைய முடியாவிட்டால், சரியான அசைவும் நொண்டும். வியூ பட்டியலில் உள்ள ‘வியூபோர்ட் ரெண்டர் அனிமேஷன்’ மூலம் ஒரு விரைவான முன்னோட்டக் கோப்பு எடுத்து, அதை ஓட்டிப் பாருங்கள். முழு ரெண்டர் எடுக்கும்போது செயல்திறன் அமைப்பில் ‘பெர்சிஸ்டன்ட் டேட்டா’வை இயக்குங்கள். சுற்றுக் காட்சியில் கேமராவைத் தவிர எதுவும் மாறாததால், ஒவ்வொரு ஃபிரேமுக்கும் காட்சியை முதலிலிருந்து ஏற்றும் வேலை மிச்சமாகும். நினைவகம் கூடுதலாகச் செலவாகும், அவ்வளவுதான்.

எந்த வேகத்தில் வெளியிடுகிறீர்கள் என்பதும் சீர்மையைத் தீர்மானிக்கிறது. பெரும்பாலான கணினித் திரைகள் விநாடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுகின்றன. 24 ஃபிரேம் படத்தை அதில் ஓட்டினால் ஒரு ஃபிரேமுக்கு இரண்டரைப் புதுப்பிப்பு. அரை என்று ஒன்று இல்லாததால் ஒரு ஃபிரேம் இரண்டு முறையும் அடுத்தது மூன்று முறையுமாக மாறி மாறி நிற்கும். மற்ற அசைவுகளில் இது மறைந்துவிடும். சீரான சுழற்சியில் வெளியே தெரியும். இணையத்தில் மட்டும் வெளியிடப் போகிறீர்கள் என்றால் 30 அல்லது 60 ஃபிரேமுக்குப் போங்கள். 60இல் அதே பத்து விநாடிச் சுற்றுக்கு 600 ஃபிரேம். இரண்டாவது கீஃப்ரேம் 601இல். தொலைதூர மலையின் தாவல் 70 பிக்சலிலிருந்து 28க்கு வந்துவிடும். ரெண்டர் நேரம் இரண்டரை மடங்காகும் என்பதால் முதலில் லென்ஸையும் தூண்களின் இடத்தையும் சரிசெய்துவிட்டு இதற்கு வாருங்கள். ஜிஃப் கோப்பாக வெளியிடுவதானால் மட்டும் 25 ஃபிரேம் வையுங்கள். அந்தக் கோப்பு வகையில் ஒரு படம் நிற்கும் நேரத்தை விநாடியில் நூறில் ஒரு பங்குகளாகத்தான் குறிக்க முடியும். 25க்குச் சரியாக நான்கு பங்கு, 24க்கு நான்கும் சொச்சமும். பத்து விநாடிக்கு அப்போது 250 ஃபிரேம், 360 பாகைக்கான கீஃப்ரேம் 251இல்.